மாலூர் ரோட்டு வயலில் செயற்கைக்கோளுக்காகக் காத்திருந்த காலை

இந்த வலைப்பதிவில் இதுவரை நான் எழுதியதெல்லாம் பெங்களூரிலிருந்து காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடக்கூடிய இடங்கள். மலை, கோயில், அருவி, இப்படி. இந்த முறை எழுதப்போவது ஒரு வயலைப் பற்றி. அங்கே ஏறிப் பார்க்க எதுவும் கிடையாது, நல்ல காபி கூடக் கிடையாது. வெறும் செம்மண். ஆனால் நான் போன இடங்களிலேயே என்னை வாயடைக்க வைத்தது அதுதான். என் வாயை அடைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை என்று என்னைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். இந்தக் கதையே என் வாயால் வந்த வினை.

போனது 2006 ஏப்ரல் கடைசியில், ஒரு வியாழக்கிழமை. போன காரணம் என் மனைவி ஸ்டெல்லா. நாங்கள் விவேக் நகரில் குழந்தை ஏசு கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறோம். நான் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். இரும்புச் சாமான் சொன்ன அளவில் இருக்கிறதா என்று அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. ஸ்டெல்லா காக்ஸ் டவுனில் ஒரு பள்ளியில் எட்டு வருடம் பூகோளம் நடத்தியவள். முப்பத்தைந்தாவது வயதில் வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்தாள். 'இந்த வயசுல எதுக்கும்மா இதெல்லாம்' என்று கேட்காத சொந்தக்காரர்கள் எங்கள் இரண்டு பக்கத்திலும் இல்லை.

அவள் ஆராய்ச்சியை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். செயற்கைக்கோள் மேலிருந்து நிலத்தைப் படம் எடுக்கிறது. படத்தில் ஓர் இடம் கருமையாக விழுகிறது. அது ஈரமா, நிழலா, எரிந்த புல்லா? படத்தை எத்தனை நேரம் முறைத்துப் பார்த்தாலும் அது சொல்லாது. அதே நாளில், அதே நேரத்தில், யாராவது ஒருவர் அந்த மண்ணில் நின்று அளந்து வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் படம் சொல்வதை நம்பலாம்.

"நீங்க பண்ற வேலைதாங்க," என்றாள் ஸ்டெல்லா. "கேஜ் சரியா காட்டுதான்னு மாஸ்டர் பீஸ் வெச்சு செக் பண்றீங்கல்ல? மேல போறது கேஜ். கீழ நாங்க எடுக்கறது மாஸ்டர் பீஸ்." கேஜ் என்றால் அளவுக் கருவி; மாஸ்டர் பீஸ் என்றால் அந்தக் கருவியைச் சரிபார்க்க வைத்திருக்கும், அளவு துல்லியமாகத் தெரிந்த துண்டு. நாலு வருடம் அவள் என்ன படிக்கிறாள் என்று கேட்டவர்களிடம் 'சாட்டிலைட்' என்று மட்டும் சொல்லி ஒப்பேற்றிக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அவளுக்கு அந்த வியாழக்கிழமையை விட்டால் வேறு நாள் இல்லை. அந்தச் செயற்கைக்கோள் ஒரே இடத்துக்கு மேல் இருபத்து நாலு நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. பிப்ரவரியில் வந்தபோது ஒளி அளக்கும் கருவி வேறொருவர் கையில் இருந்தது. மார்ச்சிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் வந்தபோது அன்றைக்கென்று பார்த்து மேகம். இந்த வியாழனுக்கு அடுத்தது மே மூன்றாம் வாரத்தில். அதற்குள் கோடை மழை தொடங்கிவிடும். கருவி மே முதல் தேதியிலிருந்து நவம்பர் வரை வேறு குழுவுக்குப் போகிறது. உதவித்தொகை ஜூனோடு முடிகிறது. அளவு கிடைக்காவிட்டால் நாலு வருடப் படிப்பை மூட்டை கட்டிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். 'உட்காந்தா என்ன' என்று கேட்கச் சொந்தக்காரர்கள் தயாராக இருந்தார்கள்.

அவளுக்கு வேண்டியது மூன்று இடம். வறண்ட ஏரி, தைலமரத் தோப்பு, ஒன்றுமே விளையாத காய்ந்த வெற்று மண். மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். வெற்று மண்தான் முக்கியம். மற்ற இரண்டையும் அதை வைத்துத்தான் ஒப்பிடுவது. ஹொஸ்கோட்டை தாண்டி மாலூர் ரோட்டில் பதினாறு கிலோமீட்டரில் மூன்றும் அகப்பட்டன. வெற்று மண் என்பது முனியப்பா என்பவரின் இரண்டரை ஏக்கர். உழுதுபோட்டு, ராகி விதைக்க மழைக்குக் காத்திருந்த நிலம். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று ஸ்டெல்லா சொல்லிவிட்டதால் எழுதவில்லை.

முந்தின ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அனுமதி கேட்க நான் மட்டும் பஸ்ஸில் போனேன். சிவாஜிநகரிலிருந்து ஹொஸ்கோட்டைக்கு ஒரு மணி இருபது நிமிஷம், பதினைந்து ரூபாய். அங்கிருந்து மாலூர் போகும் தனியார் பஸ்ஸில் ஒன்பது ரூபாய். இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடை. ஸ்டெல்லாவுக்கு அன்று ஆய்வகத்தில் வேலை இருந்தது. 'மண்ணுல கொஞ்சம் சாம்பிள் எடுக்கணும்னு மட்டும் சொல்லிட்டு வாங்க, போதும்' என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

நான் அதோடு நிறுத்துகிற ஆளா? முனியப்பாவுக்குத் தாய்மொழி கன்னடம். அவர் மனைவி ரத்தினம்மா ஓசூர்ப் பக்கத்துப் பெண், தமிழ் பேசுகிறவர். தமிழ் கேட்டதும் எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். மோரைக் குடித்துவிட்டு, வானத்தைக் காட்டி, எண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோள் வருகிறது, வியாழக்கிழமை காலை பத்தரைக்கு உங்கள் நிலத்துக்கு நேர் மேலே வந்து படம் பிடிக்கப் போகிறது, ஊரில் வேறு யார் நிலத்துக்கும் இந்தப் பாக்கியம் இல்லை, என்று அளந்துவிட்டேன். கடைசியாகச் சொன்னது பச்சைப் பொய். படத்தில் மாலூர் தாலூக்கா முழுசும் விழும்.

"நம்ம நெலத்தையா?" என்று ரத்தினம்மா இரண்டு தடவை கேட்டார். ஆமாம் ஆமாம் என்று இரண்டு தடவையும் தலையாட்டினேன்.

வியாழன் காலை ஐந்து நாற்பதுக்கு விவேக் நகரிலிருந்து கிளம்பினோம். வாடகை சுமோ, ஒரு நாளைக்கு டீசலோடு ஆயிரத்து இருநூறு. ஓட்டுநர் நயாஸ், சிவாஜிநகர்க்காரர், கருவிப் பெட்டியைப் பார்த்துவிட்டு அது குண்டு இல்லையே என்று பாதி விளையாட்டாகக் கேட்டார். ஸ்டெல்லாவோடு வரவேண்டிய ஆய்வக நண்பருக்கு அம்மை போட்டுவிட்டதால் அவர் இடத்தில் நான் கூலியாள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வண்டியில் ஏறப்போனவனை ஸ்டெல்லா திருப்பி அனுப்பிக் கறுப்புச் சட்டை போட வைத்தாள். வெள்ளைத் துணியில் பட்ட வெயில் தெறித்து அளவைக் கெடுத்துவிடுமாம்.

ஆறேகாலுக்கு கே.ஆர்.புரம். ஆறு நாற்பதுக்கு ஹொஸ்கோட்டை. பஸ் நிலையத்துக்கு எதிரே தட்டு இட்லி பதினெட்டு ரூபாய்க்கு வயிறு நிறையக் கிடைக்கிறது. சட்னி காரம், தெரிந்து ஊற்றிக்கொள்ளுங்கள். ஸ்டெல்லா சாப்பிடவில்லை. நிமிஷத்துக்கு ஒருமுறை வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். துளி மேகம் இல்லை. கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது வானம். ஹொஸ்கோட்டையிலிருந்து மாலூர் ரோட்டில் திரும்பியதும்தான் அவள் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

"இன்னிக்குக் கெடச்சுரும்ங்க," என்றாள். அவள் அப்படியெல்லாம் சுலபத்தில் சொல்கிறவள் இல்லை.

எட்டு மணி பத்து நிமிஷத்துக்கு வயலுக்கு வந்து சேர்ந்தோம். வண்டி நிற்பதற்கு முன்பே ஸ்டெல்லா என் கையைப் பிடித்தாள். இரண்டரை ஏக்கரில் கிழக்குப் பாதி எப்போதும் போல வெளிறிய செங்கல் நிறம். மேற்குப் பாதி நனைந்து, கருஞ்சிவப்பாகக் கிடந்தது. நடுவில் கோடு கிழித்த மாதிரி ஒரு வரப்பு. வண்டி நின்ற இடத்தில், வயலின் முனையில், தரையை மெழுகி ஒரு பெரிய கோலம் போட்டிருந்தது. கோலத்துக்குப் பக்கத்தில் ரத்தினம்மா தலையில் பூவோடு நின்றிருந்தார். முனியப்பா சலவைச் சட்டையில் இருந்தார்.

"வாங்கக்கா, வாங்கண்ணா," என்றார் ரத்தினம்மா. "முழுசும் முடியல. ராத்திரி பத்துலருந்து ரெண்டு வரைக்கும் தான் மோட்டார் கரண்ட்டு. நாலு ராத்திரியா வுட்டும் பாதிதான் ஆச்சு. பரவால்லீங்களா?"

"எதுக்கும்மா தண்ணி?" என்று கேட்டாள் ஸ்டெல்லா. குரல் எங்கேயோ இருந்தது.

"அண்ணந்தான் சொன்னாரே, மேலருந்து வந்து பாக்கறாங்கன்னு. வாசல் தெளிக்காமயா ஒருத்தர வரச்சொல்றது? அதுவும் மண்ணு இப்படி வெளுத்துப் போய்க் கெடக்குது."

முனியப்பா ஈரப் பாதியைக் கையால் காட்டி, "சென்னாகிதெ அல்வா சார்?" என்றார். நன்றாயிருக்கிறதல்லவா என்று கேட்கிறார். நான் நன்றாயிருக்கிறது என்றேன். வேறென்ன சொல்ல?

ஸ்டெல்லா தைலமரத் தோப்புப் பக்கம் நடந்தாள். பின்னாலேயே போனேன். ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் அவள் அப்பா இறந்தபோது ஒருமுறை அப்படி அழுது பார்த்திருக்கிறேன்.

"சாம்பிள்னு மட்டும் சொல்லுங்கன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்ன."

"காஞ்ச மண்ணுதாங்க வேணும். பூஜ்யம் அதாங்க. பூஜ்யமே இல்லாம நான் எதை வெச்சு அளக்கறது?"

காய்ந்த பாதி இன்னும் இருக்கிறதே என்று மெல்லச் சொன்னேன். அவள் விளக்கினாள். படம் என்பது சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனது. ஒரு கட்டம் தரையில் இருபத்து மூன்றரை மீட்டருக்கு இருபத்து மூன்றரை மீட்டர். அந்தக் கட்டத்துக்குள் இருப்பதெல்லாம் ஒன்றாகக் கலந்து ஒரே நிறமாகத்தான் பதியும். கட்டத்தின் ஓரம் தரையில் எங்கே விழும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால்தான் பெரிய நிலமாகத் தேடினாள். இப்போது காய்ந்து கிடப்பது மூன்று கட்டத்துக்கு மூன்று கட்டம்தான். கொஞ்சம் நழுவினாலும் ஈரமும் உலர்வும் கலந்துவிடும், ஒன்றுக்கும் உதவாது. ஒரு நாள் சம்பளம் கூடக் கிடைக்குமே என்று விடுப்பு எடுக்காமல் அதைக் காசாக்கிக்கொள்கிற ஆள் நான். நாலு வருடத்தை அரை டம்ளர் மோருக்கு விற்றுவிட்டேன்.

எட்டு ஐம்பதுக்கு அவள் பம்பு செட்டில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மூக்கு மட்டும் சிவந்திருந்தது. ரத்தினம்மா கொஞ்ச தூரத்தில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா அவரிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. என்னிடம் திரும்பி, "மண்ணு எடுக்க முப்பது டப்பா கொண்டுவந்தோம். இப்ப அறுபது வேணும். ரெண்டு பாதியையும் அளக்கறேன். எது தேறுதோ தேறட்டும்," என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நயாஸ் சுமோவை எடுத்துக்கொண்டு ஊர்க் கடைக்குப் போய்ப் பிளாஸ்டிக் கவர் ஒரு கட்டு வாங்கிவந்தார், பன்னிரண்டு ரூபாய். நாற்பதடிக்கு ஒரு குச்சி நட்டோம். ஒவ்வொரு குச்சியிலும் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணைத் தோண்டி எடுத்து, மூடி, எண் எழுதி, எடை போட வேண்டும். அந்த மண்ணை ஆய்வகத்தில் அடுப்பில் ஒரு நாள் காயவைத்து மறுபடி எடை போட்டால் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று தெரியும். ஜி.பி.எஸ். கருவியைக் கையில் பிடித்தபடி ஈரத்துக்கும் உலர்வுக்கும் நடுவே இருந்த வரப்பில் நான் நடந்தேன். பத்துத் தப்படிக்கு ஒருமுறை நின்று எண்ணைக் கத்த, நயாஸ் எழுதிக்கொண்டார். முனியப்பா சலவைச் சட்டையைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு மண்வெட்டி எடுத்தார். ரத்தினம்மா கவரைப் பிடித்தார். ஏன் எதற்கு என்று அவர்கள் இருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

பத்து மணிக்கு ஸ்டெல்லா ஒளிக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஒவ்வொரு அளவுக்கும் முன்னால் ஒரு வெள்ளைப் பலகையை அதற்குக் காட்ட வேண்டும். அந்தப் பலகை மேல் படும் வெளிச்சம் முழுசும் அப்படியே திரும்பிவரும். அதை வைத்து மண் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்புகிறது என்று கணக்குப் போடுவார்கள். பலகையை விரலால் தொடக்கூடாது. அதைப் பிடித்துக்கொள்வதுதான் எனக்குக் கிடைத்த பதவி உயர்வு. என் நிழல் விழாமல், அவள் நிழல் விழாமல், சூரியனைப் பார்த்தபடி நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போனோம். முதலில் காய்ந்த பாதி, பிறகு ஈரப் பாதி, ஓட்டமாக ஓடி ஏரி, தோப்பு, திரும்பவும் வயல்.

பத்து இருபத்தெட்டுக்கு அவள் நின்றாள். "இன்னும் நாலு நிமிஷம்," என்றாள். யாரும் சொல்லாமலேயே எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தோம். நயாஸ் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டார். எதுவும் தெரியாது என்று ஸ்டெல்லா வரும் வழியிலேயே சொல்லியிருந்தாள். தெரியவில்லைதான். வெறும் நீலம். ஒரு பருந்து. ஆனால் நம் வீட்டு மொட்டை மாடி, பீன்யா ஷெட்டுகள், ஹொஸ்கோட்டை இட்லிக்கடை, இந்த ஐந்து பேர், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்துக்கொண்டு ஒன்று ஓசைப்படாமல் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. கோயில் கொடியேற்றத்தில் கூட்டத்தோடு நிற்கும்போது வருகிற சிலிர்ப்பு அது. வெட்கப்படாமல் சொல்கிறேன், நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டேன்.

"வந்துருச்சாக்கா?" என்று ரத்தினம்மா ரகசியக் குரலில் கேட்டார்.

ஸ்டெல்லா கடிகாரத்தைப் பார்த்தாள். "போயிருச்சும்மா," என்றாள். மணி பத்து முப்பத்திரண்டு.

மதியம் அவர்கள் வீட்டில் ராகிக் களியும் கீரைக் குழம்பும். வேண்டாம் வேண்டாம் என்றாலும் விடவில்லை. இரண்டு மணிக்குக் கிளம்பினோம். மூன்று நாற்பதுக்கு கே.ஆர்.புரம் பாலத்தில் ஆலங்கட்டியோடு மழை கொட்டியது. அது ஐந்து மணி நேரம் முன்னால் வந்திருந்தால் எல்லாம் பாழ். போக வர தொண்ணூற்றாறு கிலோமீட்டர். இட்லி, கவர், டீ எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு ஆயிரத்து இருநூற்றெழுபத்தைந்து.

படம் ஐந்து வாரம் கழித்து சி.டி.யில் வந்தது. அந்த ஐந்து வாரமும் எங்கள் வீட்டில் அளவோடுதான் பேச்சு. ஒரு சனிக்கிழமை ஸ்டெல்லா என்னை ஆய்வகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அந்தப் படத்தில் நிறங்கள் நம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்காது. பச்சை இலை சிவப்பாகத் தெரியும்; செடி எவ்வளவு தெம்பாக இருக்கிறதோ அவ்வளவு பளிச்சென்ற சிவப்பு. அவள் படத்தை ஒவ்வொரு படியாகப் பெரிசாக்கிக்கொண்டே போனாள். ஹொஸ்கோட்டை ஏரி. மாலூர் ரோடு, நூல் மாதிரி. தைலமரத் தோப்பு. அதற்குப் பக்கத்தில் விரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு நிலம். பாதி வெளிறி, பாதி கறுத்து. நடுவில் நான் நடந்த வரப்பு.

ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்? ஒரு பெண் ராத்திரியில் வாய்க்கால் வெட்டித் திருப்பிவிட்ட தண்ணீர் எண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து தெரிகிறது. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். தொழிற்சாலையில் ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்துப் பார்க்கிறேன் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. அது போன இடம் தெரியவில்லை.

ஸ்டெல்லா கட்டங்களை எண்ணினாள். காய்ந்த பாதியில் கலப்பில்லாத கட்டம் இரண்டு தேறியது. ஈரப் பாதியில் நாலு. இரண்டும் நாங்கள் தரையில் எடுத்த அளவோடு ஒத்துப்போயின. ஒரே மண், ஒரே வெயில், ஒரே நிமிஷம், தண்ணீர் மட்டும் வேறு. இப்படி ஒரு ஜோடி அவளே திட்டம் போட்டிருந்தாலும் அமைந்திருக்காது. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, ஏப்ரல் மாதத்தில் எந்த விவசாயி வெறும் மண்ணுக்குத் தண்ணீர் விடுவான், யார் ஏற்பாடு செய்தது என்று கேட்டாராம்.

"எங்க வீட்டுக்காரர் வாய் சார்," என்று சொன்னாளாம். அன்றைக்கு ராத்திரி எனக்கு மீன் குழம்பு கிடைத்தது.

இத்தோடு முடிந்திருந்தால் இது நான் என் வாய்க்குப் பாராட்டு விழா எடுக்கிற பதிவாகப் போயிருக்கும். அடுத்த வாரம் ஸ்டெல்லா படத்தில் இன்னொன்றைப் பார்த்தாள். அந்த ஊரைச் சுற்றி எல்லோரும் பட்டுப்பூச்சிக்கு மல்பெரி வளர்க்கிறார்கள். அந்தத் தோட்டங்களெல்லாம் படத்தில் பளிச்சென்று சிவந்திருந்தன. முனியப்பா வீட்டுக்குப் பின்னால், நாங்கள் அன்று போகாத பக்கத்தில், ஒரே ஒரு தோட்டம் மட்டும் சோர்ந்துபோன வெளிர் நிறத்தில் இருந்தது. நோயா, இலை பறித்த தோட்டமா? படம் சொல்லவில்லை. ஆகவே போய்க் கேட்பது என்று முடிவாயிற்று. ஜூன் இரண்டாம் ஞாயிறு, இந்த முறை இருவரும் பஸ்ஸில். போகிறபோதே படத்தை வண்ணத்தில் அச்செடுத்துக்கொண்டோம், நாற்பது ரூபாய்.

ரத்தினம்மா அச்சைக் கையில் வாங்கி, கறுத்த பாதியை உடனே அடையாளம் கண்டுகொண்டார். முனியப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் மாறி மாறிப் பார்த்தார்கள். அப்புறம் ஸ்டெல்லா அந்த வெளிர்த் தோட்டத்தில் விரலை வைத்து, "இது உங்களோடதா? இதுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

முனியப்பா வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். முக்கால் ஏக்கர். செடிகளை அடியோடு வெட்டிவிட்டிருந்தார். கட்டை கட்டையாக நின்றது. போர்வெல்லில் ஒரு ராத்திரிக்கு ஒரு பக்கம்தான் பாய்ச்ச முடியும். அந்த நாலு ராத்திரியும் மல்பெரியின் முறை. அதற்கு முந்தின பாய்ச்சலிலிருந்து கணக்குப் போட்டால் பன்னிரண்டு நாள், ஏப்ரல் வெயிலில், செடி சொட்டுத் தண்ணீர் இல்லாமல் நின்றிருக்கிறது. இலை கருகிக் கொட்டிவிட்டது. அந்தத் தடவை பூச்சி வைக்கவில்லை. வெட்டிவிட்டிருக்கிறது, மழைக்குத் துளிர்த்தால் உண்டு, என்றார் முனியப்பா. புகார் சொல்கிற குரலே இல்லை.

ஸ்டெல்லா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அன்னிக்கே ஏம்மா சொல்லல?" என்று ரத்தினம்மாவிடம் கேட்டாள்.

"அந்த மரத்தாண்ட நின்னு நீங்க அழுதீங்களேக்கா," என்றார் ரத்தினம்மா. "தண்ணி வுட்டது தப்புன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. அழறவங்ககிட்டப் போயி எங்க செடியும் வாடுதுன்னு வேற சொல்லணுமா?"

திரும்பி வரும்போது ஹொஸ்கோட்டை பஸ் நிலையத்தில் முக்கால் மணி நேரம் நின்றோம். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நஷ்டத்துக்கு ஏதாவது கொடுக்கலாம் என்று கிளம்பும்போது முனியப்பாவிடம் மெல்ல ஆரம்பித்துப் பார்த்திருந்தேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார்.

இந்த மாதிரி வேலைக்கு மாணவர்களோ, அவர்களுக்குத் துணையாக என்னைப் போன்றவர்களோ போவதாக இருந்தால் சில விஷயம் சொல்கிறேன். மார்ச் கடைசிக்குள் போய்விடுங்கள். ஏப்ரலில் காலை வானத்தை நம்பலாம், மதிய வானத்தை நம்பக்கூடாது. ஆறு மணிக்குள் கே.ஆர்.புரத்தைத் தாண்டப் பாருங்கள். கறுப்புச் சட்டை, தொப்பி, குடிக்கத் தலைக்கு மூன்று லிட்டர் தண்ணீர். டப்பாக்களைத் தேவைக்கு இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். அனுமதி கேட்கப் போகும்போது பெருமை பேசாதீர்கள். 'நாங்க வர்றோம்னு எதையும் மாத்தாதீங்க, நிலம் எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும், தண்ணி விடாதீங்க' என்று சொல்லுங்கள். காரணத்தையும் சொல்லுங்கள். சொன்னால் அவர்களுக்கு நன்றாகவே புரியும், நான்தான் சொல்லவில்லை. வேலை முடிந்து கிளம்பும் முன் வீட்டுக்குப் பின்னாலும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஸ்டெல்லாவின் ஆய்வேடு செப்டம்பரில் உள்ளே போயிற்று. பருவமழை முழுக்க வானம் மூடிக்கிடந்ததால் அந்தப் பக்கத்துக்கு நல்ல படமே இல்லை. நவம்பர் தொடக்கத்தில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டு நேரம், தொழிற்சாலை அலுவலகத்திலிருந்து எனக்கு போன் என்று ஆள் வந்து கூப்பிட்டார். வேலை நேரத்தில் ஸ்டெல்லா போன் செய்கிற வழக்கம் இல்லை. பயந்துகொண்டே ஓடினேன். ஆய்வகத்துக்கு வேறு யாருடைய வேலைக்காகவோ புதுப் படம் வந்திருக்கிறது. அதில் மாலூர்ப் பக்கமும் விழுந்திருக்கிறது. அவளுடைய வேலைக்கும் அதற்கும் இப்போது எந்தச் சம்பந்தமும் இல்லை. இருந்தாலும் திறந்து, தோப்பைக் கண்டுபிடித்து, வயலைக் கண்டுபிடித்து, வீட்டுக்குப் பின்னால் போயிருக்கிறாள்.

"செவப்பா இருக்குங்க," என்றாள். "முக்கால் ஏக்கரும். நல்ல செவப்பு."